ஆட்டோ இம்யூன் நோயோடு முகத்தில் ஃபில்லர், போடாக்ஸ்: சென்னையில் நான் அலைந்து கற்றுக்கொண்ட வரிசை

எனக்கு லூபஸ் என்ற ஆட்டோ இம்யூன் நோய், அதாவது எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய், வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஸ்டீராய்டு அதிகமாக ஓடிய காலத்தில் முகம் பூரி மாதிரி உப்பியிருந்தது, டோஸைக் குறைத்ததும் கன்னம் இரண்டும் உள்ளே போய்விட்டன. ஒரு வளைகாப்பில் அத்தை எல்லார் முன்னாலும் "என்னடி மூஞ்சி இப்படி வத்திப் போச்சு, சாப்பிடுறியா இல்லையா" என்று கேட்டதில் ஆரம்பித்தது எல்லாம். தை மாதம் அண்ணன் மகள் கல்யாணம். அதற்குள் கன்னத்தில் ஃபில்லர் போட்டுக்கொள்ளலாம் என்று சலுகை விலை பார்த்து ஒரு கிளினிக்கில் போய் உட்கார்ந்தேன்.

வரவேற்பில் இருந்த பெண் ஃபாரத்தைத் தானே நிரப்பினாள். "வேற மாத்திரை ஏதாவது எடுக்குறீங்களா மேடம்?" "தைராய்டுக்கு ஒண்ணு, லூபஸுக்கு ஒண்ணு." தைராய்டு என்று மட்டும் எழுதினாள். நானும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் ஃபாரத்தைப் புரட்டினார், ஊசி போட்டார், இருபது நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துக் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால். அதற்கு ஒரு வாரம் கழித்து வலது கன்னத்தில் பட்டாணி அளவில் இரண்டு கட்டி, சிவந்து, தொட்டால் சூடு. கிளினிக்கில் கேட்டால் "ஐஸ் வையுங்க மேடம்" என்றார்கள். என் லூபஸைப் பார்க்கும் ருமட்டாலஜி டாக்டரிடம் ஓடினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன போட்டாங்க?" எனக்குத் தெரியாது. மருந்தின் பெயரை வாங்கவே நான்கு நாள் போன் செய்ய வேண்டியிருந்தது.

ஆன்டிபயாடிக், அப்புறம் ஃபில்லரைக் கரைக்கும் ஊசி என்று ஒரு வழியாகச் சரியானது. கல்யாண போட்டோவில் வலது பக்கம் கொஞ்சம் சப்பையாகத்தான் இருக்கிறேன். அடுத்த வருஷம் வேறு இடத்தில், முறையாக, பாதி அளவில் மறுபடி போட்டுக்கொண்டேன், ஒன்றும் ஆகவில்லை. முதல் தடவை என் இரண்டு டாக்டர்களுக்கும் இன்னொருவர் இருப்பதே தெரியாது. கீழே இருப்பது பெரும்பாலும் அந்த இரண்டு பேரையும் ஒரே தாளில் கொண்டுவருகிற வேலைதான். நான் டாக்டர் இல்லை, நோயாளி. உங்கள் உடம்புக்கான முடிவை உங்கள் டாக்டரோடு எடுங்கள்.

1. எந்த ஊசி என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

"முகத்துக்கு ஊசி" என்று பொதுவாகச் சொன்னால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

போடாக்ஸ் என்பது தசையைத் தளர்த்துகிற மருந்து. அது ஒரு பிராண்டின் பெயர், டிஸ்போர்ட், ஜியோமின் என்று வேறு பிராண்டுகளும் உண்டு. மூன்று முதல் ஐந்து நாளில் வேலை ஆரம்பிக்கும், இரண்டு வாரத்தில் முழுசாகத் தெரியும், மூன்று நான்கு மாதத்தில் போய்விடும். ஒரு பிராண்டின் யூனிட்டும் இன்னொரு பிராண்டின் யூனிட்டும் ஒன்றல்ல, அதனால் "அங்கே 20 யூனிட், இங்கே 50 யூனிட்" என்று விலையை ஒப்பிட்டு ஏமாறாதீர்கள்.

ஃபில்லர் என்பது பள்ளத்தை நிரப்புகிற ஜெல். இதில் நமக்கு முக்கியமான கேள்வி ஒன்றுதான்: பிரச்சினை வந்தால் கரைக்க முடியுமா? ஹயலுரானிக் அமிலத்தில் செய்த ஃபில்லரை ஹயலுரானிடேஸ் என்ற ஊசியால் கரைக்கலாம். ஜுவிடெர்ம், ரெஸ்டிலேன் எல்லாம் இந்த வகை. ரேடியஸ், ஸ்கல்ப்ட்ரா போன்றவற்றுக்கு அப்படி ஒரு கரைப்பான் கிடையாது. அதோடு அவை தோலுக்கடியில் உடம்பையே லேசாகத் தூண்டிவிட்டுக் கொலாஜன் வளர வைத்து வேலை செய்கிறவை. ஏற்கெனவே தூண்டிவிட்டது போல் ஓடிக்கொண்டிருக்கும் உடம்புக்கு இது எதற்கு? சிலிக்கான், நிரந்தர ஃபில்லர் பக்கமே போக வேண்டாம்.

பார்லரில் "ஹேர் போடாக்ஸ்" என்று செய்கிறார்களே, அது முடிக்குப் போடுகிற பூச்சு, அதில் போடாக்ஸ் மருந்தே கிடையாது. ஆனால் அதே பார்லரில் ஊசி இல்லாமல் பேனா போன்ற கருவியை வைத்து அழுத்தி உதட்டுக்கு ஃபில்லர் போடுகிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021 அக்டோபரிலேயே இந்தப் பேனாக்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது.

2. உங்கள் நோயின் பெயரைப் பொறுத்துப் பதில் மாறும்

"ஆட்டோ இம்யூன் இருந்தால் போடலாமா கூடாதா" என்று தேடினால் இரண்டு பதிலும் கிடைக்கும். காரணம் இருக்கிறது. ஃபில்லர் கம்பெனிகள் ஒப்புதலுக்காகச் செய்த ஆய்வுகளில் நம்மைப் போன்றவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. நோய் அடங்கியிருந்தவர்கள் பிரச்சினை இல்லாமல் போட்டுக்கொண்ட பதிவுகளும் உண்டு, கட்டி கட்டியாக வந்த பதிவுகளும் உண்டு. சில ஃபில்லர் பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே ஆட்டோ இம்யூன் நோய், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து பற்றி எச்சரிக்கை இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

மயஸ்தீனியா கிராவிஸ், லாம்பர்ட் ஈட்டன் போன்ற நரம்பும் தசையும் சேரும் இடத்தைத் தாக்கும் நோய் இருந்தால் போடாக்ஸ் யோசனையை விட்டுவிடுங்கள். போடாக்ஸ் வேலை செய்வதும் அதே இடத்தில்தான், விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமமாகிவிடலாம். தசையைத் தாக்கும் டெர்மட்டோமயோசைட்டிஸ், பாலிமயோசைட்டிஸ் இருப்பவர்களும் டாக்டர் தெளிவாகச் சம்மதிக்காமல் தொடக்கூடாது.

ஷோக்ரன் என்ற ஆட்டோ இம்யூன் நோய் உள்ளவர்களுக்குக் கண் ஏற்கெனவே வறண்டிருக்கும். கண்ணைச் சுற்றிப் போடாக்ஸ் போட்டு இமை சரியாக மூடாமல் போனால் பாடு இன்னும் மோசம். சொரியாசிஸ், வெண்புள்ளி உள்ளவர்களுக்கு ஊசி குத்திய இடத்திலேயே புதுத் திட்டு வரலாம். லூபஸில் ரத்தம் உறையும் பிரச்சினையும் சேர்ந்து, அது உறையாமலிருக்க வார்ஃபரின், ஆஸ்பிரின் எடுப்பவர்களுக்கு ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கசிந்து நீலமாகும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் அது ஊசியைவிடப் பெரிய ஆபத்து. "அஞ்சு நாள் ஆஸ்பிரினை நிறுத்திட்டு வாங்க" என்று கிளினிக் சொன்னாலும், எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ மட்டும் இருந்து, ஹார்மோன் அளவு சரியாக இருப்பவர்கள் நம்மில் அதிகம். பல டாக்டர்கள் இதற்குத் தடை சொல்வதில்லை. ஆனால் ஃபாரத்தில் "தைராய்டு" என்று மட்டும் எழுதாமல் "ஆட்டோ இம்யூன் தைராய்டு" என்று எழுதுங்கள், அந்த ஒரு வார்த்தையைப் பார்த்தால்தான் டாக்டர் நிமிர்ந்து பார்ப்பார்.

நோய் எதுவானாலும் அது கிளம்பியிருக்கும் நேரத்தில் வேண்டாம். கர்ப்பமாக இருந்தால், பால் கொடுத்துக்கொண்டிருந்தால் தள்ளிப் போடுங்கள்.

3. ருமட்டாலஜி டாக்டரிடம் கடிதம் வாங்குங்கள்

இதுதான் முதல் ஆவணம். இது கையில் இல்லாமல் ஸ்கின் டாக்டரிடம் போகவே போகாதீர்கள்.

கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும், எனக்கு இருந்தது. வெளியே வீல்சேரில் ஆட்கள் காத்திருக்க, நான் கன்னத்துக்கு ஃபில்லர் போடலாமா என்று கேட்க வேண்டும். டாக்டர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து "இதெல்லாம் இப்ப எதுக்கும்மா?" என்றார். "போடப் போறேன் டாக்டர், பாதுகாப்பா போடணும், அதுக்குத்தான் கேட்கிறேன்" என்றேன். அப்புறம் பேச்சு மாறிவிட்டது. வழக்கமான விசிட்டிலேயே கேட்டால் தனி பீஸ் ஆகாது. எனக்கு விசிட்டுக்கு 1,000 ரூபாய், கடிதத்துக்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் ருமட்டாலஜி பிரிவில் காட்டுகிறவர்கள் ஓ.பி. நோட்டிலேயே நான்கு வரி எழுதித் தரும்படி கேட்கலாம்.

அந்தத் தாளில் நோயின் முழுப் பெயரும் எத்தனை வருஷமாக என்பதும் கடைசியாக எப்போது கிளம்பியது என்பதும் இருக்க வேண்டும். இப்போதைய மாத்திரைகள் எல்லாம் டோஸோடு இருக்க வேண்டும். ஆறு மாதமாவது அடங்கியிருந்தால் யோசிக்கலாம் என்பது என் டாக்டர் வைத்த கணக்கு, உங்கள் டாக்டர் வேறு சொல்லலாம். எந்த வகை ஊசிக்கு ஆட்சேபணை இல்லை, எது கூடாது என்றும், வீங்கினால் ஸ்டீராய்டு கொடுக்கும் முன் தன்னைக் கூப்பிடவும் என்றும் எழுதித் தந்தார். அந்தக் கடைசி வரி தங்கம்.

டெஸ்ட் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. லேபில் "ஆட்டோ இம்யூன் பேக்கேஜ்" என்று ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுக்கச் சொல்வார்கள். ஏற்கெனவே நோய் உறுதியானவர்களுக்கு ஏ.என்.ஏ. ஏறுவதும் இறங்குவதும் நோய் அடங்கியதா என்பதைக் காட்டாது. ரத்த அணுக்கள், இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், லூபஸ் என்றால் டி.எஸ்.டி.என்.ஏ., சி3, சி4 என்று டாக்டர் எழுதுவதை மட்டும் எடுங்கள். பிளேட்லெட் குறைவாக இருந்தால் ஊசி குத்திய இடமெல்லாம் நீலம் பாரிக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய் ஆனது. ரிப்போர்ட் ஒரு மாதத்துக்குள் எடுத்ததாக இருந்தால் நல்லது.

மெத்தோட்ரெக்ஸேட், மைக்கோஃபினலேட், பயாலஜிக் ஊசி என்று எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் "எந்த வாரத்தில் போட்டால் நல்லது" என்று தேதியோடு கேளுங்கள். தொற்று வருகிற வாய்ப்பு உங்களுக்கு அதிகம். டோஸைத் தள்ளிப்போடுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு, உங்களுடையதும் இல்லை, கிளினிக்குடையதும் இல்லை.

4. ஊசி போடுகிறவர் யார் என்று பாருங்கள்

நுங்கம்பாக்கம், அண்ணா நகர், அடையாறு, ஓ.எம்.ஆர். என்று தெருவுக்குத் தெரு போர்டு. போர்டைப் பார்க்காதீர்கள், பட்டத்தைப் பாருங்கள். தோல் மருத்துவத்தில் எம்.டி. டி.வி.எல்., டி.டி.வி.எல்., டி.என்.பி., அல்லது எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி. "காஸ்மெட்டாலஜி ஃபெல்லோஷிப்", "ஈஸ்தெட்டிக் டிப்ளமோ" என்று மட்டும் இருந்தால் அடியில் என்ன படிப்பு என்று கேளுங்கள். பெயரையும் பதிவு எண்ணையும் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம், காசு கிடையாது, இரண்டு நிமிஷம். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-ன் கீழ் வாங்கிய பதிவுச் சான்றிதழ் கிளினிக்கில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதல் விசிட்டிலேயே ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். ஆலோசனைக்கு மட்டும் போங்கள், பீஸ் 700, 800 ரூபாய் இருக்கும். கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு அவர் அதைப் படிக்கிறாரா என்று பாருங்கள். நான் இரண்டாவது தடவை போன இடத்தில் டாக்டர் கடிதத்தைப் படித்துவிட்டு, என் முன்னாலேயே என் ருமட்டாலஜி டாக்டருக்கு போன் போட்டார். ஐந்து நிமிஷம் பேசியிருப்பார்கள். அதற்கு முன் பார்த்த ஒருவர் "லூபஸா, அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அங்கே போடவில்லை.

இரண்டு கேள்வி கட்டாயம் கேளுங்கள். "ஹயலுரானிடேஸ் இப்போது இங்கே ஸ்டாக்கில் இருக்கிறதா?" வெளியே வாங்கித் தருகிறோம் என்றால் வேண்டாம், ரத்தக்குழாய் அடைத்தால் அப்போதே தேவைப்படும். "ராத்திரி பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிட வேண்டும்?" வரவேற்பு நம்பரைக் கொடுத்தால் அது பதிலே இல்லை. தேனீ கொட்டி உடம்பு வீங்கிய அனுபவம் இருந்தால் இங்கேயே சொல்லிவிடுங்கள், கரைக்கும் ஊசிக்கும் அலர்ஜி வரலாம். பல் டாக்டரிடம் மரத்துப்போகும் ஊசி ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள், நிறைய ஃபில்லரில் லிடோகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்து கலந்தே வருகிறது.

5. தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

முகூர்த்தத் தேதியை எழுதிக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். போடாக்ஸ் என்றால் ஒரு மாதம் முன்பு, இரண்டு வாரத்தில் முழுசாகத் தெரிந்ததும் சரிசெய்ய வேண்டியதைச் செய்ய இடம் இருக்கும். ஃபில்லருக்கு மற்றவர்களிடம் இரண்டு மூன்று வாரம் போதும் என்பார்கள். நமக்கு மூன்று மாதமாவது வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து, கட்டி வருவது வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூடத் தாமதமாகலாம்.

அதற்கும் முன்னால் பல் வேலையை முடியுங்கள். பல் சுத்தம் செய்வதுகூட. வாயிலிருந்து ரத்தத்தில் கிருமி கலந்தால் ஃபில்லர் இருக்கும் இடம் வீங்கக்கூடும், என் ரூட் கெனால் கதை அதுவாக இருக்கலாம் என்றுதான் டாக்டரும் சொன்னார். பல் வேலைக்கும் தடுப்பூசிக்கும் முன்னும் பின்னும் இரண்டு முதல் நான்கு வாரம் இடைவெளி விடச் சொல்கிறார்கள். நம்மில் பலர் வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போடுகிறவர்கள், அந்தத் தேதியையும் இதில் சேருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். காய்ச்சலுக்குப் பிறகும் ஃபில்லர் வீங்குவது உண்டு. தை கல்யாணத்துக்கு நான் இரண்டாவது தடவை செய்த மாதிரி ஆவணியிலேயே போட்டுவிடுவது உத்தமம். சளி, முகப்பரு, பல்வலி, சிறுநீர்த் தொற்று எது இருந்தாலும் அன்றைக்கு ரத்து செய்யுங்கள், முன்பணம் போனால் போகட்டும். உதட்டில் அடிக்கடி காய்ச்சல் கொப்புளம் வருகிறவர்கள் உதட்டுக்கு ஃபில்லர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், அதற்கு மாத்திரை கொடுப்பார்கள்.

6. பணம்

ஃபில்லர் 1 மில்லிக்கு எனக்கு 28,000 ரூபாய் சொன்னார்கள். பில் வந்தபோது 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்து 33,040. விலை கேட்கும்போதே "வரியோடு எவ்வளவு" என்று கேளுங்கள். போடாக்ஸுக்கு யூனிட்டுக்கு 350 ரூபாய் சொன்னார்கள். "நெற்றிக்கு இவ்வளவு" என்று இடக்கணக்கில் சொன்னால் எத்தனை யூனிட் என்று எழுதி வாங்குங்கள்.

மெடிக்கல் இன்சூரன்ஸ் இதற்கு வராது, அழகு சிகிச்சை பாலிசிகளின் விலக்குப் பட்டியலிலேயே இருக்கிறது. முதல் தடவை கட்டியைச் சரிசெய்ய எனக்கு 19,000 ரூபாய்க்கு மேல் போனது, எல்லாம் கைக்காசு. அதனால் ஊசிக்கு ஆகும் செலவைப் போலப் பாதியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். அந்தப் பாதி இல்லையென்றால் இந்த வருஷம் வேண்டாம். பேக்கேஜாக மூன்று தடவைக்கு மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள், முதல் தடவை உடம்பு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்ப்பதற்கே அரை மில்லி போதும்.

7. அன்றைக்கு

ஃபாரத்தை நீங்களே எழுதுங்கள். ஆங்கிலம் சிரமம் என்றால் தமிழில் எழுதுங்கள், ஒன்றும் ஆகாது. கடிதத்தின் நகலை ஃபாரத்தோடு பின் செய்யச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி, எம்.ஆர்.பி., இறக்குமதி செய்தவரின் முகவரி, உரிம எண் எல்லாம் அச்சில் இருக்க வேண்டும். இந்திய முகவரியே இல்லாத பெட்டி என்றால் யாரோ வெளிநாட்டிலிருந்து சூட்கேஸுக்குள் வைத்துக் கொண்டுவந்தது என்று அர்த்தம். போடாக்ஸ் குப்பி ஃபிரிட்ஜிலிருந்து வர வேண்டும், பாதி காலியான குப்பி என்றால் எப்போது கலந்தது என்று கேளுங்கள்.

நிறைய ஃபில்லர் பெட்டிகளில் ஒட்டிக்கொள்ளும் ஸ்டிக்கர் இருக்கும், பெயரும் பேட்ச் எண்ணும் போட்டது. ஒன்று கிளினிக் ஃபைலுக்கு, ஒன்று உங்களுக்கு. கேட்டால்தான் தருவார்கள். பணம் கட்டும் முன் கேளுங்கள்.

8. போட்ட பிறகு

ஊசி போடும்போதோ பிறகோ அந்த இடம் வெளுத்துப்போவது, வலை வலையாக நீலம் பாய்வது, அளவுக்கு மீறிய வலி, இவை ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள், அந்த நிமிஷமே டாக்டர். பார்வை மங்கினாலோ இரட்டையாகத் தெரிந்தாலோ 108, கண் பிரிவும் அவசரப் பிரிவும் உள்ள பெரிய மருத்துவமனை. மூக்கு, புருவ மத்தி இரண்டிலும் ஃபில்லருக்கு இந்த ஆபத்து கூடுதல், அந்த இடங்களை நான் விட்டுவிட்டேன்.

போடாக்ஸுக்குப் பிறகு விழுங்கச் சிரமம், குரல் மாற்றம், மூச்சுத்திணறல் வந்தால் அதுவும் அவசரம்தான். சில மணி நேரத்திலும் வரலாம், சில வாரம் கழித்தும் வரலாம். அந்தச் சமயத்தில் வேறு காரணத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் போடாக்ஸ் போட்டதைச் சொல்லுங்கள், ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் அதன் வேலையைக் கூட்டக்கூடும்.

வாரம் கழித்து வரும் சிவப்பு, சூடு, கட்டிக்கு உறவினர் யாராவது வீட்டில் இருக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைப் போடச் சொல்வார்கள். தொற்றாக இருந்தால் அது பெருகும். ருமட்டாலஜி டாக்டருக்கு போட்டோவும் ஸ்டிக்கரும் அனுப்பிவிட்டுக் காத்திருங்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஃபேஷியல், ஸ்டீம், மசாஜ் வேண்டாம். கல்யாண வீட்டில் பார்லர் பெண் வந்து நிற்பாள், முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

9. பிரச்சினை என்றால் பேப்பர்

கிளினிக்கில் உங்கள் ரெக்கார்டை எழுத்தில் கேளுங்கள். டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிப்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எனக்கு இது தெரிந்திருந்தால் அந்த நான்கு நாள் மிச்சம். மருந்தால் வந்த கோளாறை 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே பதிவு செய்யலாம், அங்கே பேட்ச் எண் கேட்பார்கள். நஷ்ட ஈடு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், பில் இல்லாமல் போவது கஷ்டம். "பில் வேண்டாம்னா வரி மிச்சம் மேடம்" என்று சொல்லும் இடத்தில் நான் ஏன் ஊசி போட மாட்டேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

என் ஸ்டிக்கர் இப்போது லூபஸ் ஃபைலின் உள் அட்டையில், மாத்திரைச் சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது, போனிலும் ஒரு போட்டோ. போன மாதம் பல் டாக்டர் நாற்காலியில் படுத்ததும் முதலில் அதைத்தான் காட்டினேன். அவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்டு, அவசரமில்லாத வேலைதான் என்று மூன்று வாரம் தள்ளி வரச் சொன்னார்.